‘ஸ்வதேஸ்’ படத்தை இளைஞர்களுக்கு எப்படிப் போட்டுக் காட்டுவது

புனே பக்கத்தில் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் ட்ரேடுக்கு இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளுக்கும் ‘ஸ்வதேஸ்’ படத்தைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்டால் போய்ப் போடுகிறேன். இதுவரை பதினோரு முறை. எது பலித்தது, எது வீணாய்ப் போனது என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் கல்லூரியிலோ, தெருவிலோ, இளைஞர் மன்றத்திலோ இந்தப் படத்தைப் போட நினைத்தால் உதவும்.

முதல் முறை போட்டது சரியாக வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை ஒரே மூச்சில் போட்டேன். கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள், இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். மறுநாள் பட்டறையில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும், மோட்டார் வைண்டிங் செய்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: “மேடம், அவர் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். நான் எங்கிருந்து திரும்பி வருவது? நான் இங்கேயேதானே இருக்கிறேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் படத்தை நான் போட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். கீழே உள்ள முறை அப்படி வந்ததுதான்.

படம் தெரியாதவர்களுக்கு

2004 டிசம்பர் 17 அன்று வந்த இந்திப் படம். இயக்கம் அசுதோஷ் கோவாரிகர், இசை ஏ.ஆர். ரகுமான், பாடல்கள் ஜாவேத் அக்தர். தமிழில் இதன் பாடல்கள் ‘தேசம்’ என்ற பெயரில் வந்தன. ‘உந்தன் தேசத்தின் குரல்’ கேட்காதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். ஷாருக் கான் நடித்த மோகன் பார்கவ், நாசாவில் மழையை அளக்கும் ஒரு செயற்கைக்கோள் திட்டத்தின் மேலாளர். தன்னை வளர்த்த காவேரியம்மாவைத் தேடி இந்தியா வருகிறார். அந்த அம்மா சரண்பூர் என்ற கிராமத்தில், கீதா என்ற பள்ளி ஆசிரியையுடன் இருக்கிறார். அழைத்துக்கொண்டு போகலாம் என்று வந்தவர், பள்ளிக்குப் பிள்ளை சேர்ப்பது, சாதிப் பிரிவு, வறுமை, வராத மின்சாரம் என்று ஒவ்வொன்றாக எதிர்கொள்கிறார். ஊர் மக்களோடு சேர்ந்து மலை ஓடையிலிருந்து சின்ன நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டுகிறார். திரும்பி அமெரிக்கா போகிறார், மனம் ஒட்டாமல் மறுபடி வந்துவிடுகிறார்.

வெளிவந்தபோது படம் பெரிதாக ஓடவில்லை. மெல்ல மெல்லத்தான் அதற்கு ஆட்கள் சேர்ந்தார்கள். மோகன் வேலை செய்யும் மழை அளவைத் திட்டம் நிஜமானது. நாசாவும் ஜப்பானும் சேர்ந்து அந்தச் செயற்கைக்கோளை 2014 பிப்ரவரியில் ஏவின. அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

முன்னேற்பாடு

முதலில் அனுமதி. கல்வி நிறுவனத்துக்குள், மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் பார்ப்பதாக இருந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. தெருவிலோ மன்றத்திலோ பொதுமக்களுக்குப் போடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம். நேர்மையைப் பற்றிப் பேசப்போகிற இடத்தில் அது உறுத்தும்.

இருபதிலிருந்து இருபத்துநான்கு பேர் போதும். அதற்கு மேல் போனால் கூச்சப்படுகிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். நாற்காலி வேண்டாம், ஜமக்காளம் விரியுங்கள். இந்தி தெரியாத பிள்ளைகள் என்றால் சப்டைட்டில் ஓடுகிறதா என்று முந்தின நாளே போட்டுப் பாருங்கள்.

படத்தை இரண்டு மாலைகளாகப் பிரியுங்கள். முதல் மாலை, ஊரில் திரைகட்டிப் படம் போடும் காட்சியும் அதையொட்டி வரும் நட்சத்திரப் பாட்டும் முடியும்வரை. இரண்டாம் மாலை, மோகன் குத்தகைப் பணம் வசூலிக்கக் கிளம்புவதிலிருந்து கடைசிவரை. மூன்றாவதாக ஒரு பகல் வெளியே போக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு மாலைகளுக்கு நடுவே ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், சூடு ஆறிவிடும்.

திரைக்கு வெள்ளைச் சுவர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். துணித் திரைதான் வேண்டும். இரண்டு எட்டு முழ மல் வேட்டிகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் போதும். ஒற்றை மடிப்பாகவே இருக்கட்டும், வெளிச்சம் மறுபக்கம் ஊடுருவ வேண்டும். அறையின் நடுவே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

முதல் மாலை: திரைக்குப் பின்னால்

இந்தப் படத்தைப் போடும் முறையில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளைகள் உள்ளே வரும்போது ஒரு டப்பாவிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாதி சீட்டு மஞ்சள், பாதி வெள்ளை. மஞ்சள் எடுத்தவர்கள் திரைக்கு முன்னால், வெள்ளை எடுத்தவர்கள் பின்னால். குலுக்கலில்தான் பிரிக்க வேண்டும், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் குலுக்க வேண்டும். நீங்களாக ஒருவரையும் “நீ பின்னால் போ” என்று சொல்லவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு எங்கோ ஏற்கனவே விழுந்திருக்கும். இதில் ஒரு துளிகூட அலட்சியம் வேண்டாம். ஏன் இப்படி உட்கார வைக்கிறேன் என்பதைப் பிறகு சொல்வேன், இருபது நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கரை முன்பக்கம் வையுங்கள்.

படம் ஓடத் தொடங்கும். பின்னால் இருப்பவர்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். சப்டைட்டிலைப் படிக்க முடியாது. சத்தம் அடங்கிக் கேட்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். முதலில் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் கழுத்தை நீட்டி முன்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் அமைதியாகிவிடுவார்கள். இருபது நிமிடத்தில் படத்தை நிறுத்துங்கள், எல்லோரையும் முன்பக்கம் ஒன்றாக உட்கார வையுங்கள், ஒன்றும் விளக்காமல் மறுபடி ஓட விடுங்கள். பிள்ளைகள் கதைக்குள் போய்விடுவார்கள், சீட்டு விஷயம் மறந்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனபின் சரண்பூரில் ஊர்ச் சினிமா வரும். நடுவே திரை. ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர்கள். மறுபக்கம், படம் இடவலம் மாறித் தெரியும் பக்கத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள். கரண்ட் போய்விடும். மோகன் பிள்ளைகளுக்கு வானத்து நட்சத்திரங்களைக் காட்டுவார், பாட்டுக்கு நடுவில் அந்தத் திரையை இறக்கிவிடுவார். இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தத் திரை முதலில் தெரியும் நொடியில் என் அறையில் எப்போதுமே ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டுக்கு உதித் நாராயணுக்கு தேசிய விருது கிடைத்தது. ஆனால் என் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பாட்டே கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் விளக்கைப் போடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று, வெள்ளைச் சீட்டு எடுத்தவர்களிடம்: “பின்னால் இருந்தபோது எப்படி இருந்தது?” முன்னால் இருந்தவர்கள் அன்று மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு வருடம் ஒரு பெண் சொன்னாள்: “முதல் ஐந்து நிமிடம் கோபமாக இருந்தது மேடம். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.” பத்தொன்பது வயசு. நான் எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியும் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை.

இதற்கு மேல் அன்று எதுவும் பேச வேண்டாம். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவரவர் வீட்டில், ஊரில், எது திரை, யார் பின்பக்கம் என்று போகிற வழியில் யோசிப்பார்கள். அதைக் கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டாம். சிலருக்கு அது சொந்த வீட்டுக் காயம்.

இரண்டாம் மாலை: ஒரு குவளைத் தண்ணீர்

கீதாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஹரிதாஸ் பணம் கொடுக்கவில்லை. வசூலிக்க மோகன் போகிறார். போய்ப் பார்த்தால், ஹரிதாஸ் நெசவாளி. தறித் தொழில் படுத்துப்போனதால் விவசாயத்துக்கு வந்திருக்கிறார். நெசவு செய்கிறவன் ஏர் பிடிப்பதா என்று அந்த ஊர் அவருக்குத் தண்ணீர் விடவில்லை. பயிர் போயிற்று, குழந்தைகளுக்குச் சாப்பாடு இல்லை. குத்தகைப் பணம் கேட்கப் போனவருக்கு அந்த வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு போடுகிறார்கள்.

திரும்பி வரும்போது ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கும். ஒரு சிறுவன் ஜன்னலோரம் ஓடி வந்து, ஒரு குவளை தண்ணீர் இருபத்தைந்து பைசா என்று கூவுவான். இந்தியா வந்ததிலிருந்து பாட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத மோகன் அதை வாங்கிக் குடிப்பார். படத்தின் திருப்பம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மின்நிலையம் பிறகு வருவது.

இங்கே நிறுத்துங்கள். என்னிடம் ஒரு இருபத்தைந்து பைசா நாணயம் இருக்கிறது. 2011 ஜூன் 30-ஓடு அது செல்லாததாகிவிட்டது. இப்போதைய பிள்ளைகள் பலர் அதைக் கையில் பிடித்ததே இல்லை. அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்துச் சுற்ற விடுவேன். இருபத்துநான்கு பேரைச் சுற்றிவர நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஒருவரும் பேசக்கூடாது என்பது மட்டும்தான் விதி. நடத்துகிறவருக்குத்தான் இது கஷ்டம். ஏதாவது சொல்லி அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடிக்கும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொடர்ந்து ஓட விடுங்கள். பஞ்சாயத்தில் பெரியவர்கள் நம் பண்பாடும் பரம்பரையும் வேறு எங்கும் இல்லை என்று சொல்ல, நம் நாடு உலகிலேயே மகத்தானது என்று தான் நம்பவில்லை, ஆனால் அப்படி ஆக்கும் வலிமை நம்மிடம் இருப்பதாக நம்புகிறேன் என்று மோகன் சொல்லும் காட்சி வரும். பிள்ளைகள் இங்கே கைதட்டுவார்கள். தட்டட்டும், நிறுத்த வேண்டாம். ஓடையைத் திருப்பி, குளம் வெட்டி, குழாய் பதித்து, டர்பைன் சுற்றி, ஒரு பாட்டி வீட்டில் பல்பு எரியும் இடம் வந்ததும் என் எலக்ட்ரீஷியன் பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். அந்தப் பாட்டி முகம் மலர்ந்து “பிஜிலி” (மின்சாரம்) என்று சொல்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் தொண்டை அடைக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது

“இந்தப் படம் சொல்லும் செய்தி என்ன?” என்று தயவு செய்து கேட்காதீர்கள். கேட்டால் பரீட்சைப் பதில்தான் வரும். நாட்டுக்கு உழைக்க வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்று நாலு பேர் எழுந்து ஒப்பிப்பார்கள். வெளிநாடு போகலாமா கூடாதா என்ற விவாதத்தையும் தொடங்க விடாதீர்கள். அது பட்டிமன்றமாகிவிடும். என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

நான் கேட்பது இவை: மோகன் முதல் பத்து நாளில் ஊருக்கு என்ன செய்தார்? (ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, பார்த்தார், வீடு வீடாகப் போனார், கேட்டார்.) பஞ்சாயத்து கூடும்போது அந்த வட்டத்தில் யார் யார் இல்லை? மின்நிலையத்துக்குக் குழி வெட்டியவர்களின் பெயர் ஒன்றாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்களைப் போலவே இருக்கும் ஆள் படத்தில் யார்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மோகன் என்று பதில் வராது. அமெரிக்காவில் தாபா திறக்க ஆசைப்படும் சமையல்காரர் மேலாராம் என்பார்கள். தபால்காரர் நிவாரண் என்பார்கள். பெண் பிள்ளைகள் கீதா என்பார்கள். அமெரிக்கா போகாமல், ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனைக்கும் பணியாமல், கரும்பலகை முன்னால் நிற்கிறவள். என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கீதாதான். அவள் எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. அவள் இல்லாவிட்டால் மோகனுக்கு அந்த ஊரில் கால் வைக்கவே இடமில்லை.

படத்தின் குறையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியே படித்த ஒரு இன்ஜினியர் வந்து விளக்கேற்றுகிறார், ஊர் அவரைப் பார்த்துக் கைகூப்புகிறது என்ற சாயல் அதில் இருக்கிறது. அதற்கு மருந்தாக நான் பில்காவ் கதையைச் சொல்வேன். இந்தப் படத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுகிறவர்கள் ரவி குச்சிமஞ்சி, அரவிந்தா பில்லலமர்ரி தம்பதி. ரவி அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது ‘எய்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய வளர்ச்சிக்கான சங்கத்தைத் தொடங்கியவர். இருவரும் பிறகு இந்தியா திரும்பினார்கள். அவர்கள் துணை நின்ற ஊர்களில் ஒன்று மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில் இருக்கும் பில்காவ் என்ற ஆதிவாசி ஊர். 2003-ல் அங்கே 15 கிலோவாட் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஊர் மக்கள் கூலி வாங்காமல் சிரமதானமாக மண் வெட்டி, கல் சுமந்து கட்டினார்கள். சில ஆண்டுகள் ஓடிய பின் சர்தார் சரோவர் அணையின் தண்ணீர் ஏறி அது அழிந்துபோனது.

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அறை கனத்துப்போகும். சொல்லத்தான் வேண்டும். விளக்கு எரிந்ததும் படம் முடிகிறது. அந்த ஊருக்கு அங்கே முடியவில்லை.

மூன்றாம் நாள்: ஓடையை அளப்பது

இது என் ட்ரேடு என்பதால் எனக்கு மிகப் பிடித்த நாள். உங்கள் பக்கம் ஓடை இல்லாவிட்டால் வாய்க்கால் மதகு, ஏரிக் கலிங்கு என எங்கே தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறதோ அங்கே போகலாம். நாங்கள் முல்ஷி பக்கத்து மலை ஓடைகளுக்குப் போவோம். ஒருமுறை வாயி ஊருக்கு அருகே மேனவலி கிராமத்துக்கும் போனோம். சரண்பூராகப் படத்தில் தெரிவது அந்த ஊர்தான். கிருஷ்ணா நதிப் படித்துறையைப் பார்த்ததும் பிள்ளைகள் செல்போனை எடுத்தார்கள். ஒரு மணி நேரம் படமெடுத்தே போயிற்று, வேலை நடக்கவில்லை. வேடிக்கை பார்க்கவும் வேலைக்கும் ஒரே நாளில் போக வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: 20 லிட்டர் வாளி ஒன்று, ஒரு துண்டு பி.வி.சி. பைப், தண்ணீரை மறிக்கக் கொஞ்சம் களிமண், கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப், அளவு நாடா, ஸ்டாப்வாட்ச், நோட்டு.

ஓடையின் மேல்பகுதியில் களிமண்ணால் மறித்து, தண்ணீர் முழுவதும் பைப் வழியாக வாளியில் விழும்படி செய்யுங்கள். வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். அடுத்து, மேலே இருந்து டர்பைன் வைக்கக்கூடிய கீழ் இடம்வரை எத்தனை மீட்டர் இறக்கம் என்று டியூபில் தண்ணீர் நிரப்பிப் படிப்படியாக மட்டம் பார்த்து இறங்குங்கள். சரிவின் நீளம் கணக்கில் வராது, செங்குத்து உயரம்தான் வேண்டும். பிள்ளைகள் எல்லா வருடமும் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

அப்புறம் கணக்கு. விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்குங்கள். உத்தேசமாக அத்தனை வாட் கிடைக்கும். உண்மையில் ஈர்ப்பு விசைக்கான எண் 9.81. சின்ன அமைப்புகளில் குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் என்று பாதி போய்விடும் என்பதால் 5. விநாடிக்கு 5 லிட்டர், 10 மீட்டர் இறக்கம் என்றால் 250 வாட். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் 27 எரியும். பில்காவின் 15 கிலோவாட்டுக்கு, 30 மீட்டர் இறக்கம் இருந்தால்கூட விநாடிக்கு 100 லிட்டர் வேண்டும். வாளியைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைக்கு இந்த எண் உடனே உறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. நான் இதில் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். ஆகஸ்டில், மழை கொட்டும்போது, ஒரு மலை ஊரின் ஓடையை அளந்தோம். ஒரு கிலோவாட்டுக்கு மேல் வந்தது. பிள்ளைகள் உற்சாகத்தில் அதை ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஊரே ஆசைப்பட்டது. ஜனவரியில் மறுபடி போனால் ஓடை கல்லாகக் கிடந்தது. ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, எங்களால் முடியாது என்று நானே சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை, டீ கொடுத்தார்கள். அது இன்னும் வலித்தது. அதனால், கோடையில் அளந்த எண்தான் எண். மழைக்காலத்தில் அளந்தால் ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

முப்பது நாளுக்குள் ஒரு வேலை

பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, முப்பது நாளுக்குள் ஒரு வேலையைச் செய்து முடிக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள் உண்டு. நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே இருக்கிற ஒருவர் தன் வாயால் கேட்ட வேலையாக இருக்க வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டும். போட்டோ எடுத்துப் போடக்கூடாது. மின்சார வேலையாக இருந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மின்வாரியத்தின் மீட்டர், லைன் பக்கம் கையே போகக்கூடாது.

“தன் வாயால் கேட்ட” என்பதில்தான் பாதிக் குழுக்கள் தடுமாறும். போய் நின்றதும் யாரும் எதையும் கேட்டுவிட மாட்டார்கள். இரண்டு மூன்று முறை போக வேண்டும், திண்ணையில் உட்கார வேண்டும், தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். ஒரு குழு நூலகம் வைக்கிறோம் என்று பெரிய திட்டத்தோடு போனது. யாரும் நூலகம் கேட்கவில்லை. அதே ஊருக்கு மூன்றாவது முறை போனபோது ஒரு அம்மா சொன்னார்: பொதுக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

போய்ப் பார்த்தோம். பெட்டிக்கு முன்னால் ஒரு பழைய மரப் பலகை போட்டிருந்தது. பெண்கள் அந்தப் பலகைமேல் ஏறி நின்று, புடவைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினார்கள். எத்தனை வருடமாக என்று கேட்டோம். ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பலகையின் நடுவில் பாதங்கள் பட்டுப்பட்டுக் குழி விழுந்திருந்தது. ‘பழகிவிட்டது’ என்று சொன்ன அந்தப் பெண்ணும் அந்தக் குழுவில் இருந்தாள். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்த் கம்பி துருப்பிடித்து மண்ணுக்குள் அறுந்துபோயிருந்தது. பெட்டிக்குள் ஒரு வயர் இன்சுலேஷன் உரிந்து தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வயரை மாற்றினார்கள். புதிதாக எர்த் குழி வெட்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பி, தண்ணீர் ஊற்றினார்கள். குழி வெட்ட ஊர் ஆட்களும் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள், நாங்கள் கூப்பிடவே இல்லை. எர்த் டெஸ்டரில் 3 ஓம்ஸுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. சாயங்காலம் நாலரை மணிக்கு மோட்டாரைப் போட்டோம்.

முதலில் யாரும் தொட முன்வரவில்லை. அப்புறம் ஷாக் விஷயத்தைச் சொன்ன அந்த அம்மாவே வந்தார். பலகைமேல் ஏறினார், புடவைத் தலைப்பை எடுத்தார், எங்கள் பெண் “வேண்டாம் ஆத்யா (மராத்தியில் அத்தை), கையாலேயே தொடுங்கள்” என்றாள். அவர் தலைப்பை விட்டார். பலகையிலிருந்து இறங்கி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, பட்டனை அழுத்தினார்.

பலகை இப்போது அங்கே வேப்பமரத்தடியில் இரண்டு கல்லின்மேல் கிடக்கிறது. தண்ணீர் வரும்வரை உட்கார வசதியாக இருக்கிறதாம். போன மாதம் நானும் அதில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.